சுடும் முன்பே தொடங்கும் சோதனை

கசாப்புக்கூடத்துக்கு வரும் ஆட்டை அறுப்பதற்கு முன் கால்நடை மருத்துவர் நிறுத்திப் பார்க்கலாம். காட்டில் திரியும் மானை யார் பார்ப்பது? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதி அந்தப் பொறுப்பை வேட்டைக்காரரிடமே கொடுத்திருக்கிறது. இறைச்சி விற்பனைக்குப் போகுமானால், வேட்டைக் குழுவில் ஒருவராவது விலங்கின் உடற்கூறும் நோய்க்குறிகளும் கற்றவராக இருக்க வேண்டும்.

ஜெர்மனியின் ரோ மானை எடுத்துக்கொள்வோம். ஜூன் மாதத்தில் அது குளிர்காலச் சாம்பல் ரோமத்தை உதிர்த்துச் செம்பழுப்பாகப் பளபளக்க வேண்டும். ஒன்று மட்டும் திட்டுத்திட்டான பழைய ரோமத்தோடு, விலா எலும்பு தெரிய நின்றால் உடம்பில் ஏதோ கோளாறு. வாலடியில் கழிச்சல் காய்ந்து ஒட்டியிருக்கிறதா, நொண்டுகிறதா, ஆளைக் கண்டும் ஓடாமல் நிற்கிறதா என்பதையும் தொலைநோக்கியில் கவனிக்கிறார்கள்.

அடுத்து, கத்தி. வயிற்றைத் திறந்ததும் ஈரல், நுரையீரல், மண்ணீரல், நிணநீர்க் கணுக்களைத் தொட்டுப் பார்க்கிறார்கள். கட்டி, சீழ், வீக்கம், வழக்கமில்லாத வாடை என்று எது தென்பட்டாலும் அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும். குறை எதுவும் இல்லையென்றால், வேட்டையாடிய நாள், நேரம், இடம் குறித்த எண்ணிட்ட சான்று உடலோடு இணைக்கப்படும். உயிரோடிருந்தபோது விலங்கின் நடத்தையில் மாறுதல் இல்லை என்ற உறுதியும் அதில் உண்டு.

காட்டுப்பன்றிக்கு இவை போதாது. கொழுகொழுவென்று ஓடியாடும் பன்றியின் தசைக்குள்ளும் டிரிக்கினெல்லா இளம்புழுக்கள் சுருண்டு கிடக்கலாம். வெறும் பார்வைக்கு அவை அகப்படாது. உதரவிதானத்திலும் முன்னங்காலிலும் சிறிது தசை எடுத்து, பெப்சினும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்துக் கரைத்து, அடியில் தங்குவதை நுண்ணோக்கியில் ஆராய்கிறார்கள். முடிவு வரும்வரை இறைச்சி சமையலறைப் பக்கம் போகக் கூடாது. இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 1865இல் ஹெடர்ஸ்லேபன் என்ற ஊரில் புழுத்தொற்றிய பன்றியிறைச்சியால் 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் இன்னொரு சோதனையும் சேர்ந்துகொள்கிறது. 1986இல் செர்னோபில் அணு உலை விபத்து கக்கிய கதிரியக்கச் சீசியம்-137, காட்டுப்பன்றிகள் மண்ணைக் கிளறித் தின்னும் நிலத்தடிக் காளான்களில் இன்னமும் இருக்கிறது. பழைய அணுகுண்டுச் சோதனைகளின் எச்சமும் அதில் கலந்திருப்பதை 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. கிலோவுக்கு 600 பெக்கரல் கதிரியக்கத்தைத் தாண்டிய இறைச்சியை விற்க முடியாது. அதை அழிக்கும் வேட்டைக்காரருக்கு அரசு இழப்பீடு தருகிறது. நட்டத்துக்கு அஞ்சி அளவீட்டைத் தட்டிக்கழிக்க வேண்டிய நிலை அவருக்கு இல்லை.