பத்தேகாலுக்கே நிரம்பிவிடும் தெரு

திருவனந்தபுரத்தில் அரசு அலுவலகங்களின் வேலை நேரம் காலை 10.15 முதல் மாலை 5.15 வரை. தலைமைச் செயலகத்தைச் சுற்றி வண்டி போட இடம் தேடுகிறவர்கள் இந்த நேரத்தை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. அதற்கு அரை மணி முன்னால் வந்தால் எம்.ஜி. ரோட்டின் ஓரத்தில் எங்காவது இடம் கிடைக்கும். பத்தேகால் தாண்டினால் ஸ்டாச்யுவிலிருந்து புளிமூடு வரை இரண்டு தடவை சுற்ற வேண்டியதுதான். கல்யாணத்துக்குத் துணி எடுக்க நாகர்கோவிலிலிருந்து காரில் வந்த குடும்பம் கடை வாசலில் இறங்கிக்கொள்ளும். ஓட்டி வந்தவர் மட்டும் வண்டியோடு போய்விடுவார். புடவை எடுத்து முடித்தபின் அவரைப் போனில் தேடுவார்கள்.

கடைக்காரர்களிடம் கேட்டால் ஊரில் வண்டி பெருகிவிட்டது, இடம் போதவில்லை என்பார்கள். வண்டி பெருகியது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கடை வாசலில் காலையிலிருந்தே நிற்கும் வண்டிகள் யாருடையவை?

முதலில் வருகிறவருக்கு இடம் என்பதுதான் தெருவோரத்தின் எழுதாத சட்டம். ஒரு கடைத்தெருவுக்கு முதலில் வருகிறவர் யார்? ஷட்டரைத் தூக்குகிறவர். அடுத்து விற்பனைப் பெண்கள், கணக்குப் பிள்ளை, மாடியில் இருக்கும் வங்கிக் கிளையின் ஊழியர்கள், எதிர்க் கட்டடத்து அலுவலர்கள். வாடிக்கையாளர் வருவது இவர்கள் எல்லோருக்கும் பிறகு. நேர வரம்பும் கட்டணமும் இல்லாத தெருவில் வேலைக்கு வருகிறவர்களின் வண்டிதான் முதலில் நிற்கும், கடைசியில் நகரும். இதில் யாருடைய குற்றமும் இல்லை. விதி எதுவும் இல்லாத இடத்தில் இப்படித்தான் நடக்கும்.

கணக்குப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். ஒரு கார் நிற்கும் இடத்தில் காலை 10 மணிக்குப் போட்ட வண்டி மாலை 6 மணிக்கு எடுக்கப்பட்டால் அந்த இடம் அன்று ஒருவருக்குப் பயன்பட்டது. மணிக்கு ஒரு வண்டி வந்து போனால் எட்டுப் பேருக்குப் பயன்பட்டது. ஒரு அடி நிலம்கூடக் கூடாமல் எட்டு மடங்கு இடம் கிடைக்கிறது. கடைத்தெருவில் வண்டி நிறுத்தும் இடத்தை நீள அகலத்தால் மட்டும் அளந்தால் போதாது, மணிக்கணக்கையும் சேர்த்து அளக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் 1930களில் இதே தொல்லை இருந்தது. நகர மையத்தில் வேலை பார்த்தவர்கள் காலையிலேயே காரை ஓரத்தில் போட்டுவிடுவார்கள். கடைக்கு வருகிறவர்களுக்கு இடம் இருக்காது. வணிகர் சங்கம் இதற்கு வழி காணச் சொல்லி கார்ல் மகீ என்ற பத்திரிகை ஆசிரியரிடம் பொறுப்பைக் கொடுத்தது. அதன் விளைவாக 1935 ஜூலை 16 அன்று உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் அங்கே நடப்பட்டது. கட்டணம் மணிக்கு 5 சென்ட். அரசுக்கு வருமானம் தேடி உண்டான கருவி அல்ல அது. வேலைக்கு வருகிறவரின் வண்டியைக் கொஞ்சம் தள்ளிப் போகவைத்து, கடைக்கு வருகிறவருக்கு வாசலை விட்டுத்தர உண்டானது. இன்று பார்க்கிங் கட்டணம் என்றதும் மக்களிடமிருந்து பிடுங்கும் இன்னொரு காசு என்றே நாம் நினைக்கிறோம். அது எதற்காகப் பிறந்தது என்பது நினைவிலிருந்தே போய்விட்டது.

திருவனந்தபுரத்துக்கென்று ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. அரசாங்கமும் கடைத்தெருவும் ஒரே முதுகெலும்பில் தொங்கும் ஊர் இது. கிழக்கேகோட்டையில் பத்மநாபசுவாமி கோயில், அதை ஒட்டிச் சாலைக் கம்போளம் என்ற கடைத்தெரு, சற்றுத் தள்ளித் தம்பானூரில் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும், பிறகு தலைமைச் செயலகம், பாளையம் சந்தை. இவை எல்லாவற்றையும் எம்.ஜி. ரோடு ஒன்றே கோத்துப் பிடித்திருக்கிறது. தலைமைச் செயலகக் கட்டடம் 1869இல் முடிந்தபோது திவானாக இருந்தவர் கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவராவ். அவருடைய சிலை நிற்பதால்தான் அந்தச் சந்திப்புக்கு ஸ்டாச்யு என்று பெயர். சாலைக் கம்போளம் அதற்கும் மூத்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாசன் நிறுவியது. மாட்டு வண்டிக்கும் தலைச்சுமைக்கும் அளவெடுத்த தெரு அது.

தமிழ் வாசகர்களுக்கு அந்தத் தெரு அந்நியமானதல்ல. ஆ. மாதவன் அங்கே பாத்திரக்கடை வைத்திருந்தபடியே அந்தத் தெருவின் மனிதர்களைக் கதைகளாக எழுதினார். 2015இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார், 2021இல் மறைந்தார். இன்றும் குமரி மாவட்டத்திலிருந்து ரயிலேறிச் சாலைக்குச் சரக்கெடுக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நெரிசலில் முதலில் இடம் கேட்பது கார் அல்ல, லோடு வண்டி. மூட்டை இறக்கச் சுமைத் தொழிலாளர்கள் காத்திருக்க, லாரி நிற்க வேண்டிய இடத்தில் வரிசையாக ஸ்கூட்டர்கள் நின்றால் தெருவே அடைத்துக்கொள்ளும். ஆகவே சாலை போன்ற தெருவில் முதல் விதி காருக்கானதாக இருக்கக்கூடாது. விடிகாலையில் சரக்கு, பகலில் குறைந்த நேர நிறுத்தம் என்று தெருவோரத்தை நேரம் பார்த்துப் பங்கிட வேண்டும்.

சரி, தெருவோரம் யாருடையது? 2022 அக்டோபரில் இந்தக் கேள்வி திடீரென்று வெடித்தது. எம்.ஜி. ரோட்டில் ஆயுர்வேதக் கல்லூரிச் சந்திப்புக்கு அருகே பொதுமக்கள் வண்டி போடும் பகுதி ஒன்றை மாநகராட்சி ஒரு தனியார் ஓட்டலுக்கு மாதம் 5,000 ரூபாய்க்கு விட்டிருந்தது தெரியவந்தது. எதிர்ப்பு கிளம்பியது. பொதுப்பணித் துறை அமைச்சர் முகமது ரியாஸ் அறிக்கை கேட்டார். ஒப்பந்தம் ரத்தானது. அந்தத் தொகையை நாள்கணக்காக்கினால் ஏறத்தாழ 167 ரூபாய். வண்டிக்குப் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 17 வண்டிகள் வந்துபோனால் கிடைத்துவிடும் காசு. நகரின் மிக விலையுயர்ந்த நிலத்தின் மதிப்பு நம் மனதில் எவ்வளவு தாழ்ந்து கிடக்கிறது என்பதை அந்த எண் சொல்லிவிடுகிறது. எம்.ஜி. ரோடு பொதுப்பணித் துறையுடையது. போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது போலீஸ். ரசீதுப் புத்தகத்தோடு நிற்கும் வார்டன் மாநகராட்சி சார்பில் நிற்கிறார். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 117இல், வண்டி நிறுத்தும் இடங்களை உள்ளாட்சியோடு கலந்துதான் குறிக்க வேண்டும் என்கிறது. மூன்று தரப்பும் ஒரே மேசையில் உட்காராத வரை எந்தத் திட்டமும் பாதி வழியில் நிற்கும்.

திட்டம் என்றதும் எல்லோரும் சொல்வது அடுக்குமாடி நிறுத்தம். பாளையத்தில் மாநகராட்சித் தலைமை அலுவலக வளாகத்தில் 102 கார்களுக்கு இயந்திர அடுக்கு நிறுத்தம் கட்டப்பட்டது. 2017இல் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு தம்பானூர், பாளையம், புத்தரிக்கண்டம் ஆகிய இடங்களில் அடுக்கு நிறுத்தங்கள் கையிலெடுக்கப்பட்டன. இவற்றில் தம்பானூர் நிறுத்தத்தின் கொள்ளளவு கவனிக்கத் தக்கது. 22 கார், 400 இருசக்கர வண்டி. ரயில் நிலையத்துக்கு எதிரே தினமும் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டுக் கொல்லத்துக்கோ நெய்யாற்றின்கரைக்கோ வேலைக்குப் போகிறவரை மனதில் வைத்துக் கட்டியது போலிருக்கிறது அந்த விகிதம். சரியான பார்வை அது. நம் ஊர்களில் பார்க்கிங் பற்றிய பேச்சு கார்க்காரரை வைத்தே நடக்கிறது. வேலைக்கு வருகிற பெரும்பாலோர் வருவது இரண்டு சக்கரத்தில்.

ஆனால் கட்டடம் கட்டினால் மட்டும் வண்டி மேலே ஏறாது. ஜவுளிக்கடைக்கு முக்கால் மணி நேரம் வந்தவர் ஏன் சரிவில் ஏறி, அல்லது லிஃப்டில் வண்டியை ஏற்றக் காத்திருந்து, திரும்ப இறக்கக் காத்திருக்க வேண்டும்? கீழே ஓரத்தில் இலவசமாகவோ சும்மா கிடைப்பதுபோலவோ இடம் இருந்தால் அவர் அங்கேதான் போடுவார். எட்டு மணி நேரம் வண்டியை விட்டுப் போகிறவருக்கோ ஐந்து நிமிடக் காத்திருப்பு பெரிதல்ல. வெயிலும் மழையும் படாமல் நிற்பது அவருக்கு ஆதாயம். ஆகவே அடுக்கு நிறுத்தம் வேலை செய்கிறவருக்கு, தெருவோரம் வாங்க வருகிறவருக்கு. விலையையும் அதற்கேற்ப வைக்க வேண்டும். வாசலில் முதல் ஒரு மணி நேரம் மலிவு, அதற்குமேல் மணிக்கு மணி ஏறட்டும். மாடியில் மாதப் பாஸ், மிகக் குறைந்த விலையில். பல இடங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. தெருவில் ஒரே சீட்டு நாள் முழுக்கச் செல்லும், மாடியில் மணிக்கணக்குக் கட்டணம். அப்புறம் மாடி காலியாகக் கிடக்கிறது என்று கவலைப்படுகிறோம்.

சென்னை தியாகராய நகரில் 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகமாக மாறியபோது இதே பாடத்தைத்தான் கற்றார்கள். தணிகாசலம் சாலையில் 222 கார், 513 இருசக்கர வண்டிக்கு அடுக்கு நிறுத்தம் எழுந்தது. ஆனாலும் பக்கத்துத் தெருக்களில் சும்மா போட முடிகிற வரை அதை நோக்கி வண்டி திரும்புவது எளிதல்ல.

நிலத்தின் விலையை மறைக்க முடியாது. தில்லி முதன்மைத் திட்டம் 2021 ஒரு கார் நிறுத்தத்துக்கு, வந்து திரும்பும் வழியையும் சேர்த்து, திறந்த வெளியில் 23 சதுர மீட்டர், தரைத்தளத்துக் கூரைக்குக் கீழே 28, நிலவறையில் 32 என்று கணக்கு வைத்தது. சாலைக் கம்போளத்தில் ஒரு குடும்பத்துக்கே சோறு போடும் கடைகள் பல அந்த 23 சதுர மீட்டரைவிடச் சிறியவை. நிலவறை தோண்டலாம் என்பவர்கள் பலத்த மழை பெய்த அன்று தம்பானூரில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.  நில விலைக்கே திரும்பினால், 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும் வண்டி நிறுத்தக் கட்டணத்தில் நில மதிப்பு தெரிய வேண்டும் என்றே சொன்னது.

இங்கே ஒரு அபாயம் இருக்கிறது. வேலைக்கு வருகிறவரின் வண்டியை அப்புறப்படுத்து என்று சொல்வது சுலபம். அந்த வண்டி யாருடையது என்று பார்த்தால் மனம் கனக்கும். பாலராமபுரத்திலிருந்தோ நெடுமங்காட்டிலிருந்தோ ஸ்கூட்டியில் வரும் விற்பனைப் பெண்ணுடையது அது. பகல் முழுவதும் நின்றே வேலை பார்க்கும் இவரைப் போன்றவர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்க வேண்டியிருந்தது. கேரளம் அதை 2018இல் செய்தது, தமிழ்நாடு 2021இல் செய்தது. இரவு எட்டரைக்குக் கடை சாத்தினால் ஊருக்குப் பேருந்து இருக்குமா என்ற பயம்தான் அந்தப் பெண்ணை ஸ்கூட்டி வாங்க வைத்தது. அதற்கும் மாதத் தவணை ஓடுகிறது. அவரிடம் தெருவோரத்தைப் பறித்துவிட்டு நாளுக்கு முப்பது நாற்பது ரூபாய் கேட்டால் அது அவருடைய சம்பளத்தில் விழும் வெட்டு.

எனவே இடம் மாற்றச் சொல்வதற்கு முன்னால் மாற்று இடம் தயாராக இருக்க வேண்டும். மாதப் பாஸின் செலவைக் கடை முதலாளி ஏற்பது நியாயம். அந்தப் பெண்ணின் ஸ்கூட்டி நின்ற இடத்தில் இனி வந்து நிற்கப்போவது முதலாளியின் வாடிக்கையாளர்கள்தானே. இரவில் நிறுத்தத்தில் வெளிச்சமும் காவலும் வேண்டும். இருட்டு மூலையில் தனியாகப் போய் வண்டி எடுக்கச் சொன்னால் எந்தப் பெண்ணும் மறுநாள் அங்கே போட மாட்டார். கூடவே பேருந்தும் வேண்டும். 2021 நவம்பரில் கே.எஸ்.ஆர்.டி.சி. தொடங்கிய சிட்டி சர்க்குலர் பேருந்துகள், பத்து ரூபாய்ச் சீட்டில் சிவப்பு, நீலம், பச்சை என்று வட்டமடித்து அலுவலகங்களையும் கடைத்தெருக்களையும் ஆஸ்பத்திரிகளையும் இணைத்தன. வண்டியை விளிம்பில் போட்டுவிட்டு மையத்துக்குப் பேருந்தில் வர முடிந்தால் எம்.ஜி. ரோட்டுக்குள் வரும் வண்டியே குறையும்.

வசூலாகும் காசு எங்கே போகிறது என்பதும் முக்கியம். கலிஃபோர்னியாவின் பழைய பசடேனாவில் 1993இல் மீட்டர் வைத்தபோது வணிகர்கள் எதிர்த்தார்கள். வருமானம் அதே தெருவின் நடைபாதைக்கும் விளக்குக்கும் துப்புரவுக்கும் செலவாகும் என்று உறுதி கொடுத்த பின்பே ஒப்புக்கொண்டார்கள். 2005இல் இலவச நிறுத்தத்தின் விலையைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதிய பேராசிரியர் டொனால்ட் ஷூப் இந்த ஊரைத் திரும்பத் திரும்ப உதாரணம் காட்டினார். தெருவோரத்தில் நூற்றுக்குப் பதினைந்து இடம் எப்போதும் காலியாக இருக்கும் அளவுக்கு விலை வைத்தால் போதும், யாரும் சுற்றி அலைய வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு. சாலையில் வசூலாகும் பணத்தில் சாலையிலேயே ஒரு கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்றால் அங்குள்ள வியாபாரிகளும் தொழிலாளர்களும் எதிர்க்க மாட்டார்கள் என்று நான் நம்புகிறேன். ஆனால் வாங்க வரும் கூட்டத்தை, ஆக்குளத்தில் 2021 டிசம்பரில் திறந்த லுலு மால் போன்ற இடங்களுக்கு இழந்துவிடுவோமோ என்ற பயம் வியாபாரிகளுக்கு இருக்கிறது. ஆயிரக்கணக்கான வண்டிக்கு இடமுள்ள மாலோடு பழைய கடைத்தெரு இடத்தில் போட்டி போட முடியாது. வாசலில் ஒரு மணி நேரம் நிச்சயம் இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையைக் கொடுக்க முடியும்.

இதையெல்லாம் தொடங்கப் பெரிய செலவில்லை. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஒரு தெருவைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலை பத்தரைக்கு ஓரத்தில் நிற்கும் வண்டிகளின் எண்களைக் கடைசி நான்கு இலக்கம் மட்டும் வரிசையாகக் குறியுங்கள். பன்னிரண்டரைக்கு ஒரு தடவை, மூன்றரைக்கு ஒரு தடவை, ஐந்து மணிக்கு ஒரு தடவை. நான்கு பட்டியலிலும் இருக்கும் எண்ணுக்கு வட்டம் போடுங்கள். போக்குவரத்துப் பொறியாளர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் ஆய்வும் அடிப்படையில் இதுதான். வியாபாரிகள் சங்கம் இரண்டு பையன்களை விட்டு ஒரு வாரம் இதைச் செய்தால், வட்டம் போட்ட எண்களில் எத்தனை தங்கள் கடைகளைச் சேர்ந்தவை என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். மாநகராட்சியிடமும் போலீஸிடமும் பேசப் போகும்போது அந்த நோட்டைக் கையில் கொண்டு போகலாம்.