கிலோ கணக்கில் கண்ணாடி

முகூர்த்த மாதம் நெருங்குவது சென்னை சௌகார்பேட்டைக் கடைக்காரர்களுக்குத்தான் முதலில் தெரியும். கல்யாண பிளவுஸுக்கு ஆரி வேலை செய்கிற பெண்கள் கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலும் சுற்றியுள்ள சந்துகளிலும் பட்டியலும் கையுமாக வந்துவிடுவார்கள். சுகர் பீட்ஸ், கட் பீட்ஸ், பைப் பீட்ஸ், குந்தன், சர்தோசி என்று பட்டியல் நீளும். கடைப் பையன் பாக்கெட்டை எடுத்து வைப்பதற்குள், "இதையே கொஞ்சம் கம்மியில காட்டுங்கண்ணே" என்று ஒரு குரல். அவரும் காட்டுவார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அதே சிவப்பு, அதே பளபளப்பு. விலை மட்டும் பாதி.

என்ன வித்தியாசம் என்று கேட்டால், "அது கையால பண்ணது, இது மெஷின்ல பண்ணது" என்பார்கள். பாதிக்குப் பாதி தப்பான பதில் இது.

உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸ் மாவட்டத்தில் புர்தில்நகர் என்று ஒரு சிற்றூர். உலையைச் சுற்றி உட்கார்ந்து, உருகிய கண்ணாடியை இரும்புக் கம்பியில் சுற்றி மணி செய்வது அந்த ஊர்த் தொழில். ஒவ்வொரு மணியும் யாரோ ஒருவர் கையால் சுற்றியதுதான். ஆனாலும் சந்தைக்கு அது வருவது கிலோ கணக்கில். ஜப்பானின் ஹிரோஷிமா பகுதியில் இயங்கும் மியுகி, டோஹோ நிறுவனங்களின் மணிகளோ இயந்திரத்தில் உருவாகின்றவை. சின்னச் சின்னக் குப்பிகளில் கிராம் கணக்கில் வரும் அவற்றின் விலை, நம்மூர்க் கைமணியைவிடப் பல மடங்கு. எனவே, மலிவு என்றாலே மெஷின் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. நம் நாட்டில் மலிவு பல நேரம் கூலியிலிருந்து வருகிறது.

இது நேற்று தொடங்கிய கதையும் இல்லை. புதுச்சேரிக்குப் பக்கத்தில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, பேரும் புகழும் ரோமானியப் பானை ஓடுகளுக்குப் போய்விட்டன. அதே மண்ணில் கடுகும் மிளகுமாகக் கிடைத்த கண்ணாடி மணிகளின் கதைதான் இன்னும் பெரியது. பழைய மணிகளை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் ஃபிரான்சிஸ், இந்த வகைக்கு 'இந்தோ-பசிபிக் மணி' என்று பெயர் வைத்தார். கிழக்கு ஆப்பிரிக்காவில் தொடங்கி கொரியா, ஜப்பான் வரை அகழாய்வுகளில் இவை கிடைக்கின்றன. இலங்கையின் மாந்தையிலும் தென்கிழக்கு ஆசியத் துறைமுகங்கள் சிலவற்றிலும் இவற்றைச் செய்த தடயங்கள் உண்டு.

எப்படிச் செய்தார்கள்? இதற்கு விடை திருப்பதிக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டையில் கிடைத்தது. அங்கே 20-ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்த வேலைமுறையை ஃபிரான்சிஸ் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். 'லடா' என்கிற நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் உருகிய கண்ணாடியைத் திரட்டி, தரையில் உருட்டிக் கூம்பாக்குவார்கள். குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டு அந்தக் கூம்பின் நடுவே துளை போடுவார்கள். பிறகு உலைக்குள் வைத்ததும், எதிர்ப்பக்கத் துவாரத்தில் உட்கார்ந்திருக்கும் தலைமைக் கைவினைஞர் கூம்பின் முனையைக் கொக்கியால் பிடித்து இழுக்கத் தொடங்குவார். துளையும் சேர்ந்தே நீளும். உலைக்கு முன்னால் அமர்ந்து, ஒரு கை மாற்றி ஒரு கையாக மணிக்கணக்கில் இழுக்க வேண்டும். வேகம் கூடினால் குழாய் மெலியும், குறைந்தால் தடிக்கும். அந்தக் குழாய்களைத் துண்டுகளாக ஒடித்து, சிறு கட்டுகளாகப் பிடித்து, செங்குத்தாக நட்ட கத்தி முனையில் வைத்துத் துணுக்குத் துணுக்காக நறுக்குவார்கள். நறுக்கிய ஓரம் கூர்மையாக இருக்குமே? அதனால் துணுக்குகளைச் சாம்பலோடு கலந்து மறுபடியும் சூடாக்கிக் கிளறுவார்கள். ஓரம் மழுங்கும்; துளைக்குள் சாம்பல் புகுந்திருப்பதால் அடைபடாது.

இவ்வளவும் கைவேலை. இவ்வளவும் மொத்த உற்பத்தியும்தான். ஒரே இழுப்பில் ஆயிரக்கணக்கான மணிகள். அன்றைய உலகச் சந்தையில் தென்னிந்தியா விற்றது கலைப்பொருளை அல்ல, மலிவுச் சரக்கை. அதே வகைச் செந்நிற மணிகளைத் திமோர், ஃபுளோரஸ் போன்ற இந்தோனேசியத் தீவுகளில் பரம்பரைச் சொத்தாகப் பொத்திப் பாதுகாக்கிறார்கள். கப்பலேறிப் போகும்போது யாரும் அதை அப்படி நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்த மணிகள் இவ்வளவு காலம் நிறம் மாறாமல் இருப்பதற்குக் காரணம், நிறம் மேலே பூசியதல்ல. செம்பு கலந்து சிவப்பு, கோபால்ட் கலந்து நீலம் என்று கண்ணாடியிலேயே சேர்ந்த நிறம். இன்று கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் பாக்கெட்டில் இடிக்கும் இடம் இதுதான். பல மலிவு மணிகள் நிறமற்ற கண்ணாடி. துளைக்குள்ளோ மேலேயோ சாயமோ பூச்சோ ஏற்றியவை. வியர்வை பட்டு, இரண்டு முறை டிரை வாஷ் ஆனதும் கழுத்தோரத்து மெரூன், பழுப்பாகிவிடும். உள்ளே வெள்ளிப் பூச்சு கொடுத்தவை காற்றுப்பட்டுக் கறுக்கும். நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த பஞ்சால் நாலைந்து மணிகளை அழுத்தித் தேயுங்கள். பஞ்சில் நிறம் ஒட்டினால் அந்தப் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பிறகு ஓர் ஊசியைத் துளையில் விட்டுச் சுற்றிப் பாருங்கள். விளிம்பு சொரசொரவென்று தட்டினால் அது சாம்பலில் உருளாத மணி. தைத்த நூலைத் தானே அறுக்கும். மேடையில் மணப்பெண்ணின் கை அசைவுக்கு உதிர்கிற மணிகளுக்குத் தையல்காரர் மேல் பழி போடுகிறோம்.

கைமணிதான் உசத்தி என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிளவுஸ் கழுத்தில் வரிசையாகத் தைக்க, ஒன்றுபோல் இருக்கிற மணிதான் வேண்டும். அங்கே கைமணி காலை வாரும். ஒன்று தடித்திருக்கும், ஒன்று சாய்ந்திருக்கும், ஒன்றில் ஊசியே நுழையாது. செக் நாட்டு யாப்லோனெட்ஸ் வட்டார மணிகள் சரம் சரமாகக் கட்டி வரும். ஜப்பானியவை அதைவிடச் சீரானவை. இவற்றில் நம்பர் கூடக் கூட மணி சிறுக்கும். 11-ஐவிட 15 பொடி. ஆரி வேலைக்கு நாலு பைசா கூடுதலாகக் கொடுத்து நல்ல மெஷின் மணி வாங்குவதே புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

மாலையின் நடுவில் தனியாகத் தொங்கும் பெரிய மணி என்றால் கதை வேறு. விளக்குச் சுடரில் கண்ணாடிக் குச்சியை உருக்கி, களிமண் பூச்சு கொடுத்த எஃகுக் கம்பியில் ஒவ்வொன்றாகச் சுற்றி, மேலே புள்ளியும் பூவும் வைக்கிற வேலை அது. வாரணாசியின் கண்ணாடி மணிகள் அப்படித்தான் பெயர் வாங்கி, புவிசார் குறியீடும் பெற்றன. இங்கே கூடுதல் விலைக்கு நியாயம், பூவின் அழகைவிட ஆறவைக்கும் பொறுமையில் இருக்கிறது. சுடரிலிருந்து எடுத்த மணியின் மேற்புறம் சட்டென்று குளிரும். உள்ளே சூடு நிற்கும். அந்த இழுபறி கண்ணாடிக்குள் தங்கிவிட்டால், வாங்கிப் பல வாரம் கழித்து, பெட்டியில் சும்மா இருக்கும்போதே கீறல் விழும். தடுக்க, சூளையில் ஏறக்குறைய 500 டிகிரியில் வைத்து மெல்ல மெல்ல இறக்க வேண்டும். மின்சாரமும் நேரமும் பிடிக்கிற இந்தப் படியைத்தான் அவசர உற்பத்தி முதலில் வெட்டுகிறது. 'கைவினை' என்று லேபிள் ஒட்டியவற்றிலும் இது நடக்கும். ஆகவே பெரிய மணி வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, "சூளையில் வைத்து ஆற்றினீர்களா?" என்பது. செய்தவர் என்றால் உடனே பதில் சொல்வார். வாங்கி விற்பவர் என்றால் முழிப்பார்.

மணி செய்வதோடு கைவேலை முடிவதும் இல்லை. வெனிஸ் நகரில் பொடி மணிகளைக் கோர்த்தவர்கள் பெண்கள். மரத் தட்டில் குவித்த மணிக்குள் கை நிறைய ஊசிகளை ஒருசேர விட்டு அள்ளுவார்கள். உலகமே வியந்த வெனிஸ் கண்ணாடியில் அவர்களுக்குக் கிடைத்தது சொற்பக் கூலி. கண்ணாடி மணிக் கலையை 2020-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம்மூர்ப் பேருந்து நிலையத்தில் பாசிமணி, ஊசிமணி விற்கிற நரிக்குறவர் பெண், மணியை எங்கோ மொத்தத்தில் வாங்கியிருக்கலாம். கோர்ப்பது அவர் கை. ஷோரூமில் அச்சிட்ட விலையை வாய் மூடிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் அவரிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுவதை என்னால் ஜீரணிக்க முடிந்ததில்லை.

சரி, கடைக்குப் போகிறீர்கள். வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக, ஒரே லாட்டில் வாங்கிவிடுங்கள். அடுத்த வாரம் வரும் பச்சை, இந்த வாரப் பச்சையாக இருக்காது. எடை போடும்போது "இது எந்த ஊர்ச் சரக்கு?" என்றும் கேளுங்கள். பனாரஸ், ஃபிரோசாபாத், சைனா என்று ஏதாவது ஒரு பெயர் வரும். புர்தில்நகர் என்று சொல்கிற கடைக்காரர் கிடைத்தால், அவரை விட்டுவிடாதீர்கள். அவருக்குச் சரக்கும் தெரியும், செய்தவரையும் தெரிந்திருக்கும்.