சேமிப்புச் சாமான்கள்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

கதிரவெளியில் மாதர் சங்கக் கூட்டம் ஒன்று முடிந்து எழும்பும்போது ஓர் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கைப்பையிலிருந்து மடித்த விளம்பரக் கடதாசி ஒன்றை எடுத்து நீட்டினார். சுவர்ப் பிளக்கில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகினால் கரண்ட் பில் பாதியாகக் குறையும் என்று அதில் எழுதியிருந்தது.

"மிஸ், கிழமைக்குக் கிழமை கட்டினாக் காணுமாம். எனக்கு ஏற்கனவே ரெண்டு லோன் இரிக்கு. இத எடுக்கலாமா?"

சுனாமியில் ஒரு தடவையும் 2006ஆம் ஆண்டு இடப்பெயர்வில் மறு தடவையும் வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் இழந்தவர் அவர். விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் செல் விழுந்த அந்த நவம்பருக்குப் பின் உடுத்த உடுப்போடு நடந்து போய், திரும்பி வந்து, சட்டி பானையிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தவர். இப்படியான ஒருவரின் கேள்விக்குப் பொறுப்போடு பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

பெட்டியும் மின்குமிழும்

முதலில் அந்தப் பெட்டி. அதை வாங்க வேண்டாம். இவ்வாறான பெட்டிகளுக்குள் பெரும்பாலும் ஒரு சிறிய மின்தேக்கிதான் இருக்கும். எங்கள் வீட்டு மீட்டர், நாம் உண்மையில் பாவிக்கும் அலகுகளையே எண்ணுகிறது. அந்த எண்ணிக்கையை இப்பெட்டி குறைக்காது. அதிலுள்ள சின்ன விளக்கு எரியவும் கொஞ்சம் மின்சாரம் போகும்.

மாறாக, பழைய குண்டு மின்குமிழை மாற்றுவது நிச்சயம் பயன் தரும். 60 வாட் குண்டு மின்குமிழ் தினமும் 4 மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு 7.2 அலகு செலவாகும். ஏறக்குறைய அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.ஈ.டி. மின்குமிழுக்கு 1.1 அலகு கூட ஆகாது. ஒரு மின்குமிழிலேயே மாதம் 6 அலகு மிச்சம். எங்கள் நாட்டில் அலகு கூடக்கூட ஒவ்வொரு அலகின் விலையும் ஏறுகிறது. 2022 ஓகஸ்ட்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் கூடியபோது நாம் பட்ட பாட்டை மறக்க முடியாது. உத்தரவாதம் உள்ள மின்குமிழாகப் பார்த்து, அதிக நேரம் எரியும் இடத்தில் முதலாவதைப் போடுங்கள். மற்றவற்றைப் பிறகு மாற்றலாம்.

அடுப்பு

2022இல் எரிவாயு கிடைக்காமல் போனபோது, காஸ் அடுப்புக்கு மாறியிருந்த பல வீடுகள் மறுபடி விறகுக்குத் திரும்பின. கதிரவெளியில் பல வீடுகளில் விறகு எப்போதுமே இருந்தது. "விறகு சும்மாதானே கிடைக்குது, அதுக்கு எதுக்குப் புது அடுப்பு?" என்று ஒரு வீட்டில் ஐயா ஒருவர் கேட்டார். பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி ஒன்றும் பேசவில்லை. விறகுக்குப் போய் வருபவர் அவர்தான்.

மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அற்றதாக 2017 ஜூனில் அறிவிக்கப்பட்டது. ஆனாலும் யானைப் பயம் போகவில்லை. பெண்கள் கூட்டமாகத்தான் காட்டுக்குப் போகிறார்கள். அதற்குப் போகும் அரைநாளையும் கழுத்து நோவையும் யாரும் கணக்கில் எழுதுவதில்லை. "கூலியற்ற உழைப்பு" என்ற சொல்லை நான் பல்கலைக்கழகத்தில் பரீட்சைக்காகப் பாடமாக்கினேன். அதன் அர்த்தம் விளங்கியது இந்தப் பெண்களின் தலைச்சுமையைப் பார்த்த பிறகுதான்.

1980களில் இலங்கையில் உருவான "அநகி" என்ற களிமண் அடுப்பு இதற்கு உதவும். முன்வாயில் சோறு வேகும்போது மிஞ்சும் சூட்டில் பின்வாயில் கறி வேகும். மூன்று கல் அடுப்போடு பார்க்கும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விறகு மிச்சம். மூன்று முறை காட்டுக்குப் போகும் இடத்தில் இரண்டு முறை போனால் போதும். ஆனால் அடுப்பை வாங்கி அப்படியே வைத்தால் சீக்கிரம் வெடித்துவிடும். சுற்றிவர மண் பூச வேண்டும். விறகைக் காயவைத்து, சிறிதாகப் பிளந்து வைக்க வேண்டும். புகை குறையுமே தவிர இல்லாமல் போகாது. ஆகவே யன்னலைத் திறந்து வையுங்கள்.

காசில்லாத சேமிப்புகளும் உண்டு. சட்டிக்கு மூடி போடுங்கள். பயறு, கடலையை முதல்நாள் இரவே ஊறவையுங்கள். குடிநீர் நன்றாகக் குமிழிவிட்டுக் கொதித்தாலே போதும். அதற்கு மேலும் பத்து நிமிடம் எரிப்பது வீண் விறகு.

தண்ணீர்

குழாய் வாயில் பூட்டும் தண்ணீர் குறைக்கும் வலைகளும் இப்போது கடைகளில் விற்கின்றன. குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவும் வீட்டுக்கு அவை உதவும். வாளியில் அள்ளிப் பாவிக்கும் எங்களுக்குப் பயனில்லை. எப்படிப் பிடித்தாலும் ஒரு வாளி ஒரு வாளிதான்.

எங்கள் கரையோரத்தின் பிரச்சினை வேறு. மணலுக்குள் இறங்கிய மழைநீர், உப்புநீரிலும் பாரம் குறைந்தபடியால் அதன்மேல் ஒரு படையாக நிற்கிறது. அந்தப் படையிலிருந்துதான் எங்கள் கிணறுகளுக்குத் தண்ணீர் வருகிறது. பெரிய மோட்டர் போட்டு ஒரேயடியாக இறைத்தால் கீழிருக்கும் உப்புநீர் மேலே ஏறும். சுனாமிக்குப் பின் கிழக்குக் கரையில் கிணறுகளை அளவுக்கு மிஞ்சி இறைக்கக் கூடாது என்று ஆய்வாளர்கள் சொன்னதும் இதனால்தான். மோட்டர் தேவையானால் சிறியதாக, விட்டுவிட்டு இறையுங்கள்.

கூரைக்கு ஒரு பீலியும் மூடியுள்ள ஒரு பீப்பாயும் வைத்தால் மாரி மழையைப் பிடிக்கலாம். 20 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறக்குறைய 200 லீற்றர் விழும். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிடுங்கள். நுளம்பு புகாமல் பீப்பாயை வலையால் மூடுங்கள்.

சுனாமிக்குப் பின் கொடுக்கப்பட்ட களிமண் வடிகட்டி இன்னும் சிலரிடம் இருக்கலாம். அது கிருமியைக் குறைக்கும், ஆனால் உப்பை எடுக்காது. வெடிப்பு விழுந்திருந்தால் அதைப் பாவிக்காதீர்கள்.

கையெழுத்து வைக்க முன்

நல்ல சாமானும் கெட்ட கடனில் வந்தால் நட்டம்தான். நுண்கடனால் எங்கள் பெண்கள் பட்ட துன்பம் பெரிது. 2018இல் வறட்சி மாவட்டங்களின் பெண்களுடைய நுண்கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. எனவே எதை வாங்க முன்னும் இவற்றைக் கேளுங்கள்:

• மொத்த விலை எவ்வளவு? கிழமைக்கு 300 ரூபா என்றால் சின்னதாகத் தெரியும். 24 கிழமைக்கு அது 7200 ரூபா.
• மாதம் எவ்வளவு மிச்சமாகும்? எத்தனை மாதத்தில் விலை திரும்பி வரும்?
• உடைந்தால் இங்கே திருத்த ஆள் உண்டா?
• அது யாருடைய வேலையைக் குறைக்கிறது? அந்த நேரம் உங்களுக்குக் கிடைக்குமா?

கடைசிக் கேள்வியை வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் கேளுங்கள்.

அந்த அக்கா பெட்டியை வாங்கவில்லை. ஒரு மின்குமிழும் ஓர் அநகி அடுப்பும் கைக்காசுக்கு எடுத்தார். பிறகு நான் போனபோது அடுப்புக்கு மண் பூசிக்கொண்டிருந்தார். "லோன் கூடல்ல மிஸ், அது காணும்" என்றார்.