பழைய மகிழுந்தும் புதிய காற்று வடிகட்டியும்

முன்னுரை

மூச்சுக் காற்று உயிர்க்கு எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது எந்திரத்துக்கும் காற்று. இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி, மாருதி 800 ஆகிய மகிழுந்துகளைப் பேணி வருவோர் இன்றும் உளர். சிலருக்கு அது குடும்பச் சொத்து. சிலருக்கோ அதுவே பிழைப்பு. அத்தகையோரிடம், வண்டியோடு வந்த வடிகட்டியை நீக்கிவிட்டுக் கடைகளில் தனியே விற்கும் புதுவகை வடிகட்டியைப் பொருத்தினால் இழுவையும் மைலேஜும் கூடும் என்று கூறப்படுவதுண்டு. சில ஆயிரம் ரூபாய் செலவிட்டு அவ்வாறு மாற்றுவது தகுமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எந்திரம் உண்ணும் காற்று

1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். கொள்ளளவில் கணக்கிட்டால், 1 லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று. பத்தடி நீள, அகல, உயரமுள்ள ஓர் அறைக் காற்றில் இது மூன்றில் ஒரு பங்காகும்.

நம் பகுதிக் காற்றோ வெறுங்காற்று அன்று. கரிசல் புழுதியும் செம்மண் தூசியும் அதில் கலந்துள்ளன. நூற்பாலைகள் நிறைந்த ஊராதலின் பஞ்சுத் துகளும் உண்டு. பஞ்சு வடிகட்டியை அடைக்குமேயன்றி எந்திரத்தைத் தேய்ப்பதில்லை. மண்ணிலுள்ள நுண்மணலோ இரும்பினும் கடினமானது. அஃது உட்புகுந்து எண்ணெயோடு கலந்தால் அரைப்புப் பசையாகி, பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் தேய்த்துவிடும். பின்னர் எண்ணெய் எரிந்து நீலப்புகை எழும். இறுதியில் ரீபோர் என்னும் பெருஞ்செலவில் வந்து முடியும். எனவே வடிகட்டியின் முதற்கடமை மண்ணைத் தடுப்பதே என்பது வெள்ளிடைமலை.

வடிகட்டியின் வகைகள்

பழைய அம்பாசடர் வண்டிகளில் எண்ணெய்த் தொட்டி வடிகட்டி இருந்தது. உள்ளே பாயும் காற்று எண்ணெய்மேல் மோதித் திரும்புங்கால் புழுதி எண்ணெயில் தங்கிவிடும். அடுத்து வந்தது மடிப்புத்தாள் வடிகட்டி. மூன்றாவது, கழுவிக் கழுவிப் பயன்படுத்தத்தக்க பருத்தி வலைத்துணி வடிகட்டி. கடைகளில் புதுவகை எனப் பெரிதும் விற்கப்படுவது இதுவே. கம்பிவலைகளுக்கிடையே பல அடுக்காகத் துணியை வைத்து எண்ணெய் பூசியிருப்பர். இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுக்கென நெய்யப்படும் காஸ் துணியைக் கண்டோர்க்கு இதன் அமைப்பு எளிதில் விளங்கும். கண் அகன்ற நெசவில் காற்று தாராளமாகச் செல்லும். ஆயின் நுண்தூசியும் ஓரளவு உடன் செல்லும். நல்ல தாள் வடிகட்டியோ சோதனைத் தூசியில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் தடுத்து நிறுத்தவல்லது.

இழுவை கூடுமா?

எந்திரத்துக்குள் செல்லும் காற்றின் அளவைப் பெரிதும் உறுதி செய்வது ஆக்சிலேட்டர் மிதியால் திறந்து மூடும் தடுப்பிதழே. திருவில்லிபுத்தூர்ச் சாலையில் செல்லும்போது ஓட்டுநர் அதனை முழுதும் திறப்பது அரிது. அவ்விதழ் தரும் தடையோடு ஒப்பிடத் தூய வடிகட்டியின் தடை மிகச் சிறிது. மேலும், பழைய எந்திரத்தின் ஆற்றலுக்கு வரம்பிடுவன கார்புரேட்டரின் குரல்வளையும் வால்வுகளும் புகைக்குழாயும் ஆம். இவற்றை விடுத்து வடிகட்டியை மட்டும் மாற்றுவது, வாயில் குறுகிய வீட்டில் திண்ணையை அகலப்படுத்துவது போன்றதாகும்.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், மின்னணுக் கட்டுப்பாட்டில் எரிபொருள் பாய்ச்சும் வண்டிகளில் வடிகட்டி அடைபட்டபோதும் எரிபொருட் செலவு கூடவில்லை, முடுக்கமே குறைந்தது. அடைபட்ட வடிகட்டியே செலவைக் கூட்டாதபோது, அகன்ற வடிகட்டி அதனைக் குறைப்பது எங்ஙனம்? கார்புரேட்டர் வண்டியின் நிலை சற்று வேறு. அடைபட்ட வடிகட்டியால் கலவையில் பெட்ரோலின் பங்கு மிகுந்து கரும்புகை எழும். அங்கே மாற்றம் பயன் தரும் என்பது உண்மையே. ஆனால் அப்பயனைப் புதிய தாள் வடிகட்டியே தந்துவிடும்.

மூடியில்லாத கூம்பு வடிகட்டியைப் பொருத்துவோரும் உளர். அது எந்திர அறையின் வெப்பக் காற்றையே உறிஞ்சும். காற்றின் வெப்பம் 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அடர்த்தி ஏறத்தாழ 3 விழுக்காடு குறையும், ஆற்றலும் குறையும். கூடுவது உறிஞ்சும் இரைச்சல் மட்டுமே. அவ்விரைச்சலை இழுவை எனக் கொள்வது செவியின் மயக்கமே.

செய்யத் தக்கன

வடிகட்டிக்கு அப்பாலுள்ள காற்றுக்குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தல் வேண்டும். துணியில் மண்ணிறம் படிந்தால் தூசி உட்புகுகிறது என்பது பொருள். பழைய வண்டிகளில் மூடியின் ரப்பர் வளையம் இறுகிப்போதலும் குழாய் வெடித்திருத்தலும் இதற்குப் பெரும்பாலும் காரணமாகும். அவற்றை மாற்றச் சிறுதொகையே செலவாகும். தாள் வடிகட்டியைப் பெட்ரோலில் கழுவுதலும், அழுத்தக் காற்றைக் கடுமையாகப் பாய்ச்சுதலும் தாளைப் பழுதாக்கும். எண்ணெய்த் தொட்டியில் குறியிட்ட அளவே எண்ணெய் நிற்றல் வேண்டும். சேறு படிந்தால் மாற்றுதல் வேண்டும்.

அம்பாசடரும் மாருதி 800உம் உற்பத்தி நின்றது 2014இல். உரிய தாள் வடிகட்டி கிடைக்காதபோது, பழைய பெட்டிக்குள்ளேயே பொருந்தும் கழுவத்தக்க வடிகட்டியை நாடலாம். முறையாகக் கழுவி அளவாக எண்ணெய் பூசுதல் இன்றியமையாதது. கார்புரேட்டர் முதலியவற்றையும் சேர்த்து மாற்றிப் பந்தயத்துக்கென அமைத்த வண்டிக்கும் அது பொருந்தும்.

முடிவுரை

வடிகட்டி ஆற்றலைப் படைக்கும் கருவி அன்று. ஆயுளைக் காக்கும் காவலாளி. காவலாளியை வாயில் அகலம் கருதியா தேர்வோம்? விழிப்பு கருதியன்றோ தேர்வோம்! பழைய மகிழுந்தை நம்பி வாழ்வோர் புதுமைக்கெனச் செலவிடும் தொகையை ரப்பர் வளையத்துக்கும், குழாய்க்கும், உரிய காலத்தில் மாற்றும் நல்ல தாள் வடிகட்டிக்கும் செலவிடுவாராயின் வண்டியும் நிலைக்கும், பிழைப்பும் நிலைக்கும்.