`ஸ்லாஷ், 9, ஜே, ஸ்லாஷ்...' கறுப்பு ஸ்கிரீனில் போட்டோ அனுப்பிய கதை தெரியுமா?

மெயிலில் பேப்பர் கிளிப் படத்தைத் தொடுகிறோம். குழந்தையின் போட்டோவோ, மார்க் ஷீட்டோ, வேலைக்கான பயோடேட்டாவோ... தேர்ந்தெடுத்து அனுப்பினால் சில நொடிகளில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. போட்டோ என்றால் என்னவென்றே மெயிலுக்குத் தெரியாது. அது பிறந்தபோது அதற்குத் தெரிந்ததெல்லாம் எழுத்து மட்டும்தான். அதுவும் ஆங்கில எழுத்து!

இந்த ரகசியத்தைக் கண்ணால் பார்த்தவர்கள், மவுஸ் இல்லாத கறுப்பு ஸ்கிரீனில் மெயில் அனுப்பியவர்கள். 1995, ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல் நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கான இன்டர்நெட் சேவையைத் தொடங்கியது. சென்னையும் முதலில் சேவை கிடைத்த நகரங்களில் ஒன்று. படங்களோடு இணையத்தைப் பார்க்க நிறைய பணம் கட்ட வேண்டும். மாணவர்களுக்குக் கட்டுப்படியானது `ஷெல் அக்கவுன்ட்'. அதில் எழுத்துகள் மட்டுமே தெரியும்.

அங்கே மெயிலுக்குப் பலர் பயன்படுத்திய புரோகிராமின் பெயர் பைன். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், அலுவலக ஊழியர்கள் பயப்படாமல் மெயில் அனுப்ப வேண்டும் என்று 1989-ல் உருவாக்கத் தொடங்கியது. எந்த பட்டனை அழுத்தினால் என்ன நடக்கும் என்று ஸ்கிரீனின் அடியிலேயே எழுதியிருக்கும். ஃபைலை இணைக்க, `கன்ட்ரோல்' பட்டனோடு `ஜே'வை அழுத்த வேண்டும். `எந்த ஃபைல்?' என்று கேட்கும். பெயரை டைப் செய்ய வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால்கூட `அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்று சொல்லிவிடும்.

இதுவரை சுலபம்தான். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பைன் ஓடுவது உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அல்ல. டெலிபோன் லைனுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சர்வரில். போட்டோவோ வீட்டில் இருக்கிறது. அதனால், முதலில் போட்டோவைச் சர்வருக்கு ஏற்ற வேண்டும். `ஆர் இசட்' என்ற இரண்டெழுத்துக் கட்டளையைத் தட்டி, வீட்டிலிருந்து ஃபைலை அனுப்ப வேண்டும். நொடிக்கு 9,600 பிட் வேக மோடத்தில் 100 கே.பி போட்டோ ஏற ஏறத்தாழ ஒன்றரை நிமிடம். இன்றைய மொபைல் போட்டோ 3 எம்.பி இருந்தால், அதே மோடத்தில் முக்கால் மணி நேரம்! நடுவில் பக்கத்து அறையில் யாராவது போன் ரிசீவரை எடுத்தால் பெரும்பாலும் இணைப்பு போச்சு.

ஏற்றிய பிறகுதான் மெயிலில் இணைக்க முடியும். வாங்குபவரும் கறுப்பு ஸ்கிரீன்காரர் என்றால் அவருக்கும் இதே பாடு, தலைகீழாக. கடிதத்தை உடனே படித்துவிடுவார். படத்தைச் சர்வரில் சேமித்து, வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இறக்கி, அதன் பிறகுதான் பார்க்க முடியும்.

இதற்கும் முந்தைய காலம் இன்னும் கொடுமை. 1980-ல் மேரி ஆன் ஹார்ட்டன் எழுதிய `யூயூஎன்கோடு' என்ற சிறிய புரோகிராம்தான் அப்போது கதி. அது ஃபைலை எழுத்துக் குவியலாக மாற்றும். அந்தக் குவியலை மெயிலுக்குள் கொட்டி அனுப்புவார்கள். பெரிய ஃபைல் என்றால் நாலைந்து மெயிலாக வரும். வாங்கியவர் அவற்றை வரிசையாக ஒட்டி, திரும்ப ஃபைலாக மாற்ற வேண்டும். நடுவில் ஒரு மெயில் தொலைந்தால் எல்லாம் வீண்.

இந்தத் தலைவலியைத் தீர்த்தவர்கள் நத்தேனியல் போரென்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்ற இருவர். `மெயிலில் படம் எதற்கு?' என்று கேட்டவர்களிடம், `எனக்குப் பேரக் குழந்தைகள் பிறப்பார்கள். அவர்கள் போட்டோவை மெயிலில் பார்க்க வேண்டும்' என்ற பொருளில் போரென்ஸ்டைன் சொல்வாராம். கேட்டவர்கள் சிரித்தார்கள். 1992, மார்ச் 11 அன்று அவர் ஒரு மெயில் அனுப்பினார். அதில் ஒரு போட்டோவும் ஒரு பாட்டும் இருந்தன. படத்தில் இருந்தது, பெல்கோர் ஆய்வு நிறுவனத்தில் அவரும் சக ஊழியர்களும் சேர்ந்து பாடிய `டெலிபோன் கார்ட்ஸ்' என்ற நால்வர் குழு. ஒரு பழைய காதல் பாட்டு மெட்டில், `உனக்கு மெயில் அனுப்பட்டுமா' என்று பாடியிருந்தார்கள். அட்டாச்மென்ட்டின் புதிய முறையான `மைம்' இப்படிப் பாட்டோடு அறிமுகமானது. பின்னாளில் பேரக் குழந்தைகளின் போட்டோக்களும் போரென்ஸ்டைனுக்கு மெயிலில் வந்தன.

மைம் செய்யும் வேலை என்ன? ஃபைலில் மூன்று பைட்டுகளை எடுத்து, நான்கு எழுத்துகளாக மாற்றுகிறது. ஆங்கிலத்தின் 26 பெரிய எழுத்து, 26 சின்ன எழுத்து, 10 எண்கள், பிளஸ், ஸ்லாஷ்... மொத்தம் 64 குறிகள் போதும். அதனால் இதற்கு `பேஸ் 64' என்று பெயர். ஜேபெக் போட்டோ எதுவானாலும் இந்த மாற்றத்தில் `ஸ்லாஷ், 9, ஜே, ஸ்லாஷ்' என்றே தொடங்கும். அதற்குக் கீழே ஆயிரக்கணக்கான வரிகள், அர்த்தமில்லாத எழுத்துகளாக நீளும். கூடவே, `இது படம், இதன் பெயர் இது' என்று ஒரு குறிப்பும் போகும். அந்தக் குறிப்பால்தான் வாங்குபவர் கையால் எதையும் ஒட்ட வேண்டியதில்லை.

தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. எந்த மொழியின் எழுத்து என்று மெயிலில் குறிப்பிட வழி செய்ததும் மைம்தான். இன்று தமிழில் எழுதும் மெயில்களில் பல, போட்டோவைப் போலவே பேஸ் 64-ஆக மாறித்தான் பயணிக்கின்றன.

பைனின் வாரிசான அல்பைனும், 1995-ல் வந்த மட்டும் (ஆமாம், பெயரே `மட்'தான்!) இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. ஸ்கிரீனே இல்லாத சர்வரிலிருந்து ஒரு ரிப்போர்ட்டை அனுப்ப, மட்டில் ஒற்றை வரிக் கட்டளை போதும். மெயில் முகவரிக்கு முன்னால் இரண்டு சிறு கோடுகள் போட மறந்தால் மட்டும், முகவரியையும் ஃபைல் என்று நினைத்து அது குழம்பிவிடும்.

மூன்று நான்காகும் கணக்கு நம் மொபைலையும் விடவில்லை. 10 எம்.பி வரம்புள்ள அலுவலக மெயிலுக்கு 8 எம்.பி பி.டி.எஃப் அனுப்பி, அது திரும்பி வந்து விழித்தவர்கள் உண்டு. 8 எம்.பி எழுத்தாக மாறும்போது ஏறத்தாழ 11 எம்.பி ஆகிவிடுகிறது. சர்வர் எடை பார்ப்பது மாறிய பிறகுதான். அப்படிப்பட்ட இடங்களுக்கு 7 எம்.பி-க்குள் சுருக்கி அனுப்பினால் பிரச்னை இல்லை.