பலகை மேல் நின்று ஏரியை அறிதல்

வாணியம்பாடிக்கும் திருப்பத்தூருக்கும் இடையே ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஏலகிரிக்கு, 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்து சேரும் குடும்பங்கள் பெரும்பாலும் தேடிச் செல்வது புங்கனூர் ஏரியின் படகுத் துறையையே ஆகும். பக்கத்தில் விரிந்து கிடக்கும் ஜவ்வாது மலைத்தொடரில், திருவண்ணாமலை மாவட்ட எல்லைக்குள் அமைந்த ஜமுனாமரத்தூரின் கோலப்பன் ஏரியும் படகுச் சவாரியாலேயே பயணிகளுக்குப் பழக்கமானது. இத்தகைய மலை ஏரிகளில் மக்கள் நன்கறிந்தவை துடுப்புப் படகும் மிதிபடகும்தாம். இவற்றைவிட மிக எளிய கருவியான ஒற்றைப் பலகையின் மீது நின்றுகொண்டு, ஒரே ஒரு நீண்ட துடுப்பால் நீரைத் தள்ளிச் செல்லும் விளையாட்டு இன்று பல நாடுகளின் சிற்றேரிகளில் குடும்ப விளையாட்டாகப் பரவியுள்ளது. 'ஸ்டாண்ட் அப் பேடில் போர்டிங்' என்றும் சுருக்கமாக 'சப்' என்றும் வழங்கும் இதனை, இக்கட்டுரை துடுப்புப் பலகை என்று குறிப்பிடுகிறது.

தமிழ்நாட்டுக் குழந்தை ஒன்று ஏரியைப் பற்றி வீட்டில் முதலில் கேட்கும் சொல், பெரும்பாலும் 'அந்தப் பக்கம் போகாதே' என்பதாகவே இருக்கிறது. அந்த அச்சத்துக்கு நியாயமான காரணம் உண்டு. ஆயினும், நீரிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட குழந்தை நீரை அறியாமலே வளர்ந்து, ஒருநாள் பெரியவர் எவரும் இல்லாத வேளையில் அதே நீரில் இறங்கும்போதுதான் ஆபத்து மிகுதியாகிறது. பெற்றோரின் கண் எதிரில், உரிய காப்போடு, ஏரியின் இயல்பைக் குழந்தைக்கு உணர்த்தவல்ல பயிற்சி என்பதே துடுப்புப் பலகையின் உண்மையான பயன் ஆகும்.

கட்டுமரத்தின் உறவு

நின்றபடி துடுப்புப் போடுவது தமிழ்க் கடற்கரைக்குப் புதியதன்று. எடை குறைந்த மரத்துண்டுகள் சிலவற்றைக் கயிற்றால் பிணைத்து, அதன்மேல் மண்டியிட்டும் நின்றும் அலையைக் கடந்த மீனவர்களின் கட்டுமரம், 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஐரோப்பியப் பயணிகளின் எழுத்தில் இடம்பெற்று, 'கேட்டமரான்' என்ற ஆங்கிலச் சொல்லாகவும் ஆயிற்று. கரை திரும்பியதும் கட்டை அவிழ்த்து, நீர் ஊறிய மரங்களை மணலில் உலர்த்துவது மீனவர் வழக்கம். இன்றைய காற்றடைத்த துடுப்புப் பலகையும் அவ்வாறே, வேலை முடிந்ததும் காற்றை இறக்கிச் சுருட்டி முதுகுப்பையில் வைக்கத் தக்கதாக உள்ளது.

இவ்விளையாட்டின் இன்றைய வடிவம் ஹவாய்த் தீவுகளில் பிறந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வைக்கிக்கி கடற்கரையில் அலைச்சறுக்கு கற்பித்தவர்கள், மாணவர்களை உயரத்திலிருந்து கண்காணிப்பதற்காகப் பெரிய பலகைகளில் நின்று துடுப்பு வலித்தனர். 2000க்குப் பிறகு லேர்ட் ஹாமில்டன் போன்ற அலைச்சறுக்கு வீரர்கள் அதனை மீண்டும் கையிலெடுக்க, அலையே இல்லாத ஏரிகளிலும் ஆறுகளிலும் அது விரைந்து பரவியது. தமிழ்நாட்டில் சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளம் இதன் முதன்மையான களமாகும். அவ்வூர் மீனவரான மூர்த்தி மேகவன், தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு 2012இல் தொடங்கிய அலைச்சறுக்குப் பள்ளியின் வழியே மீனவ இளைஞர் பலர் இத்துறைக்கு வந்தனர். அதே ஊரைச் சேர்ந்த சேகர் பச்சை, துடுப்புப் பலகைப் போட்டிகளில் தேசியப் பட்டம் வென்றவர். கட்டுமரம் செலுத்திய கரையிலிருந்தே இந்த வீரர்கள் எழுந்தார்கள் என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

பலகை மிதக்கும் விதம்

தொடக்க நிலையினர்க்கான பலகை ஏறத்தாழ பத்தரை அடி நீளமும், 32 அங்குல அகலமும், 6 அங்குலத் தடிமனும் கொண்டது. அதன் கொள்ளளவு சுமார் 300 லிட்டர். மிதக்கும் பொருள் தன் மொத்த எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்கும் என்பது ஆர்க்கிமிடீஸ் விதி. 70 கிலோ எடையுள்ள தந்தையும் 15 கிலோ எடையுள்ள குழந்தையும் 10 கிலோ எடையுள்ள பலகையில் ஏறினால், 95 லிட்டர் நீரே விலகும்; அதாவது பலகையின் மூன்றில் இரண்டு பங்கு நீருக்கு மேலேயே நிற்கும். மிதப்பதற்கு இவ்வளவு இடம் இருந்தும், எடை கூடக் கூடப் பலகையின் நிலைப்பு குறைவதால், தயாரிப்பாளர் குறித்த எடை வரம்பை மீறலாகாது.

காற்றடைத்த பலகை பலூனைப் போல உருண்டுவிடாமல் தட்டையாக நிற்பதற்குக் காரணம், அதன் மேல் தோலையும் கீழ்த் தோலையும் உள்ளே ஆயிரக்கணக்கான நூல்கள் இழுத்துப் பிடித்திருப்பதே ஆகும். கார் டயரில் உள்ள காற்றழுத்தத்தில் ஏறத்தாழ பாதியளவு அடைத்தாலே அது மரப்பலகை போல இறுகிவிடும். எனினும் உச்சி வெயிலில் கரையில் கிடந்தால் உள்ளிருக்கும் காற்று விரிந்து ஒட்டுகள் பிரியக்கூடும் என்பதால், ஓய்வு வேளையில் அதனை மர நிழலில் வைப்பது நல்லது.

துடுப்பு, அதைப் பிடிப்பவரின் உயரத்தைவிட ஏறத்தாழ ஒரு சாண் கூடுதலாக இருக்க வேண்டும். அதன் அலகு, அதாவது நீருக்குள் செல்லும் தட்டையான முனை, தண்டோடு நேர்கோட்டில் அமையாமல் சற்று வளைந்திருக்கும். அகப்பையைப் பிடிப்பது போல அந்த வளைவைத் தம் பக்கம் திருப்பிப் பிடிப்பதே புதியவர்கள் செய்யும் முதல் பிழை. வளைவு முன்னோக்கி இருந்தால்தான், துடுப்பு நீரைக் கீழிருந்து மேலே வாரியிறைக்காமல் பின்னோக்கித் தள்ளும்.

பழகும் முறை

முழங்கால் அளவு நீரில் பலகையை விட்டு, நடுவிலுள்ள கைப்பிடிக்கு இருபுறமும் மண்டியிட்டுத் துடுப்புப் போடுவதே முதல் பாடம். அது பழகிய பிறகு, ஒரு காலை ஊன்றி, மறு காலையும் ஊன்றி, தோளகலத்துக்குப் பாதங்களை விரித்து, முழங்கால்களைச் சற்றே தளர்த்தி எழ வேண்டும். இந்நிலையில் கண் பாதத்தைப் பார்த்தால் உடல் தடுமாறும். எதிர்க்கரையின் மரத்தையோ மலைமுகட்டையோ பார்த்தால் உடல் தானே நிலைபெறும். துடுப்பை நிறுத்திவிட்டு நிற்பதைவிட, மெல்லச் செலுத்திக்கொண்டே நிற்பது எளிது. மிதிவண்டியும் ஓடும்போதுதானே விழாமல் நிற்கிறது!

விழக் கற்பதும் பயிற்சியின் பகுதியே. பலகையிலிருந்து விலகி, நீரின்மேல் உடல் பரந்து படியும்படி விழ வேண்டும். தலைகீழாகப் பாய்வது ஆழமில்லாத ஏரியில் கழுத்தெலும்பு முறியக் காரணமாகும். விழுந்தவர் பலகையின் நடுவிலுள்ள கைப்பிடியைப் பற்றி, கால்களை உதைத்து உடலை நீர்மட்டத்துக்கு உயர்த்தி, வயிறு படிய மேலேறலாம். குழந்தையைப் பெற்றோரின் முன்பக்கம் அமர்த்த வேண்டும். இருவரும் சேர்ந்து கவிழ்ந்து மீண்டும் ஏறுவதைக் கரையோரத்திலேயே பலமுறை பழகிய பின்னரே நடு ஏரிக்குச் செல்லலாம்.

ஏரியைப் படித்தல்

நீச்சல் குளம் மனிதர் அளந்து கட்டியது. ஏரியோ பாசனத்துக்கென வெட்டப்பட்டு, வண்டலாலும் வெள்ளத்தாலும் ஆண்டுதோறும் உருமாறுவது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்னும் பழமொழி இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. மண் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்திருப்பதால், இடுப்பளவு நீரில் நடப்பவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் நீரில் மூழ்க நேரிடும். பாசன வாய்க்காலுக்கு நீரைத் திறந்துவிடும் வாயிலான மதகின் அருகே, மேற்பரப்பு அசைவற்றுத் தோன்றினாலும் அடியில் இழுப்பு இருக்கும். மிகை நீர் வழிந்தோடும் தாழ்ந்த கரைப்பகுதியான கலங்கலோ, மழைக்காலத்தில் நீரோடு சேர்த்துப் பலகையையும் வெளியே இழுத்துவிடும். இவ்விரண்டையும் விட்டு வெகுதொலைவு விலகியே துடுப்புப் போட வேண்டும். கருவேல மரங்கள் நிற்கும் ஏரியில் நீருக்குள் மறைந்த முள், காற்றடைத்த பலகையைத் துளைத்துவிடும். ஆகாயத்தாமரை படர்ந்த பகுதியில் பலகையின் அடியிலுள்ள, மீன் செட்டை போன்ற தகடு சிக்கிக்கொள்ளும்.

காற்று மற்றொரு பெரும் காரணி. நிற்கும் உடல் பாய்மரம் போலக் காற்றை வாங்குவதால், புறப்படும்போது காற்றுக்கு எதிராகவும், களைத்துத் திரும்பும்போது காற்றின் போக்கிலும் செல்லுமாறு வழியை வகுத்துக்கொள்ள வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பார்கள். அப்பருவத்தில் பலகையைக் கரையிலேயே விடுவது அறிவுடைமை. மற்ற மாதங்களிலும் வெயில் ஏறாத காலை வேளையே ஏற்றது.

முதல் கருவி

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேரும், 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் படகு கவிழ்ந்து 22 பேரும் இறந்தனர். இரு விபத்துகளிலும் பயணிகளில் பெரும்பாலோர் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. உலக சுகாதார அமைப்பின் கணிப்பில், 2021இல் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்துள்ளனர்; அவர்களில் நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. ஆகவே துடுப்புக்கும் பலகைக்கும் முன்னதாக வாங்க வேண்டிய கருவி லைஃப் ஜாக்கெட்டே ஆகும்.

அதன் மிதப்பாற்றல் நியூட்டன் என்னும் விசை அளவால் குறிக்கப்படுகிறது. 10 நியூட்டன் என்பது ஏறத்தாழ ஒரு கிலோ எடையைத் தாங்கும் விசை. 50 நியூட்டன் வகை நீந்தத் தெரிந்தவர்க்கு உரியது. குழந்தைக்கும் நீந்தத் தெரியாதவர்க்கும், முகத்தை நீருக்கு மேலே திருப்பும்படி அமைந்த 100 நியூட்டன் வகையே வேண்டும். குழந்தைக்கான ஜாக்கெட் அதன் எடைக்குப் பொருந்துவதோடு, கால்களுக்கிடையே செல்லும் வாரும் உடையதாக இருக்க வேண்டும். அந்த வார் இல்லையேல் ஜாக்கெட் மட்டும் மேலே எழும்ப, குழந்தை அதனுள்ளிருந்து நழுவிவிடும். அணிவித்த பின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, ஜாக்கெட் காதளவுக்கு ஏறாமல் உடலோடு நிற்கிறதா என்று சோதிப்பது ஒரு நிமிட வேலையே.

ஏரி விளையாட்டுத் திடல் மட்டும் அன்று. அதன் நீரால் பாசனம் பெறும் ஆயக்கட்டு உழவருக்கும், மீன்பிடி உரிமை பெற்றவர்க்கும், கரையோர நாணலில் கூடு கட்டும் பறவைக்கும் அது முன்பே உரியது. ஆதலால், ஏரியைப் பராமரிக்கும் துறையிடமோ ஊராட்சியிடமோ அனுமதி பெற்று, விரித்த வலையையும் பறவைக் கூடுகளையும் விலகிச் செல்வது இவ்விளையாட்டின் ஒழுங்காக அமைய வேண்டும். மதகு எங்கே, கலங்கல் எங்கே, காற்று எப்பக்கம், வலை யாருடையது என்று கேட்டறிந்த பின் பலகையில் ஏறப் பழகிய குழந்தைக்கு, 'அந்தப் பக்கம் போகாதே' என்ற ஒற்றைத் தடையைவிட உறுதியான காப்பு கிடைத்துவிடுகிறது. எந்தப் பக்கம் போகக் கூடாது என்பதை அந்தக் குழந்தையே சொல்லும்.