டர்பனில் வசூலாகும் லெசோத்தோவின் வரி

நான்கு புறமும் தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட மலைநாடான லெசோத்தோவுக்குக் கடற்கரை இல்லை, துறைமுகமும் இல்லை. ஆயினும் அதன் கருவூலத்துக்கு வரும் பணத்தில், சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதி, சுங்க வரியின் பங்காகவே வந்து சேர்கிறது. 1910-இல் தோன்றி, இன்றும் இயங்கும் சுங்க ஒன்றியங்களில் மிகப் பழமையானதாகக் கருதப்படும் தெற்கு ஆப்பிரிக்கச் சுங்க ஒன்றியமே இதற்குக் காரணம். போட்ஸ்வானா, நமீபியா, எஸ்வாத்தினி ஆகியவையும் தென்னாப்பிரிக்காவும் இதன் பிற உறுப்பினர்கள்.

உறுப்பு நாடுகள் தமக்குள் வரியின்றிச் சரக்கு அனுப்பிக்கொள்வது தடையற்ற வணிக ஒப்பந்தம். அதோடு நில்லாமல், வெளியிலிருந்து வரும் சரக்குக்கு எல்லா நாடுகளும் ஒரே வரிவிகிதத்தைக் கைக்கொள்வது சுங்க ஒன்றியம். லெசோத்தோவின் தலைநகர் மசேருவுக்குப் போகவேண்டிய கொள்கலன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் இறங்கினால், அங்கே செலுத்தப்படும் வரி, உள்நாட்டு மது, புகையிலை போன்றவற்றின் மீதான கலால் வரியோடு சேர்ந்து பொதுத் தொகுப்புக்குப் போகிறது. 2002-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, சுங்க வரிப் பணம் அந்தந்த நாடு ஒன்றியத்துக்குள்ளிருந்து எவ்வளவு இறக்குமதி செய்கிறது என்பதைப் பொறுத்தும், கலால் வரிப் பணத்தின் பெரும்பகுதி பொருளாதார அளவைப் பொறுத்தும் பிரிக்கப்படுகிறது. கலாலில் 15 விழுக்காடு, ஏழை நாடுகளுக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும் வகையில் வளர்ச்சிக்கென ஒதுக்கப்படுகிறது. அண்டை நாட்டிடம் எவ்வளவு அதிகமாக வாங்குகிறதோ அவ்வளவு அதிகப் பணம் என்பதால், சொந்தமாகத் தொழில் தொடங்குவதைவிட வாங்கித் தின்பதே லாபம் என்ற விபரீதக் கணக்கும் இதில் ஒளிந்திருக்கிறது.

அந்தப் பணம் இலவசமன்று. வரிவிகிதத்தை நடைமுறையில் முடிவுசெய்வது தென்னாப்பிரிக்காவின் வணிக ஆணையம். அது முதலில் பார்ப்பது தன் நாட்டுத் தொழில்களின் நலனை. தென்னாப்பிரிக்கக் கோழிப் பண்ணையாளர்களின் கோரிக்கையை ஏற்று, எலும்புடன் கூடிய உறைந்த கோழித் துண்டுகளுக்கான வரி 2020-இல் 37 விழுக்காட்டிலிருந்து 62 விழுக்காடாக உயர்ந்தபோது, பிரேசிலிலிருந்து மலிவாக வரக்கூடிய கோழிக்கான கதவு மசேருவின் கடைகளுக்கும் சேர்ந்தே ஒடுங்கியது. பண்ணைகளுக்குக் கிடைத்த பாதுகாப்பின் பயன் பெரும்பாலும் எல்லைக்கு அப்பால் தங்க, விலையின் ஒரு பங்கை லெசோத்தோவின் நுகர்வோர் சுமக்கிறார்கள். தொகுப்பிலிருந்து வரும் பங்கை, இப்படிப்பட்ட இழப்புக்கான ஈடாகவே பொருளியலாளர் பலர் விளக்குகிறார்கள்.

ஆனால் அந்த ஈடும் தென்னாப்பிரிக்கா எவ்வளவு இறக்குமதி செய்கிறது என்பதைப் பொறுத்தது. 2008-இன் உலக நிதி நெருக்கடியைத் தொடர்ந்து அந்நாட்டின் இறக்குமதி சுருங்கவே, 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லெசோத்தோவின் பங்கு கடுமையாகச் சரிந்தது. அன்று சுவாசிலாந்து என்றழைக்கப்பட்ட எஸ்வாத்தினி 2011-இல் கடன் கேட்டுத் தென்னாப்பிரிக்காவையே நாடவேண்டி வந்தது. பங்குத்தொகை முன்கூட்டிய மதிப்பீட்டின்படி கொடுக்கப்பட்டு, உண்மையான வசூல் தெரிந்தபின் பிற்பாடு நேர்செய்யப்படுகிறது. ஆகவே செழிப்பான ஆண்டில் கூடுதலாக வாங்கிச் சம்பளமாகவும் சாலையாகவும் செலவழித்துவிட்ட தொகை, கை காய்ந்த ஆண்டின் பங்கிலிருந்து கழிக்கப்படுகிறது.